பேரேடு எழுதிய கைக்கு எந்தப் பட்டறை முதலில்?

கேள்வி: புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கு எழுதி வருகிறேன். வயது 51. நாள்தோறும் எழுதும் சிட்டை, ஆள்வாரியாகப் பிரிக்கும் பேரேடு, ஆண்டு முடிவில் போடும் ஐந்தொகை எல்லாம் இன்றுவரை கையால்தான். பில் மட்டும் ஒரு பையன் கணினியில் போடுகிறான். வரும் ஏப்ரல் முதல் முழுக் கணக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்க வேண்டும் என்று சின்ன முதலாளி சொல்லிவிட்டார். காரைக்குடிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் பெரியவர்களுக்கென்று, அவரவர் வேகத்தில் பயிலும் மென்பொருள் பட்டறைகள் நடக்கின்றன. வகுப்பு கிடையாது, கையேடு தருவார்கள், ஆய்வகம் திறந்திருக்கும் நேரத்தில் நாமே போய்ப் பழக வேண்டும், ஒரு பயிற்றுநர் இருப்பார் என்கிறார்கள். வாத்தியார் முன்னால் நின்று சொல்லித் தராமல் இந்த வயதில் எனக்கு ஏறுமா? அடிப்படை, தட்டச்சு, வேர்டு, எக்ஸெல், டேலி என்று தனித்தனிப் பட்டறைகள் உள்ளன. நேராக டேலியில் சேரச் சொல்கிறார் சின்ன முதலாளி. யூடியூபே போதும், காசு எதற்கு என்கிறாள் மகள். சான்றிதழால் பயன் உண்டா?
— கணக்கர், புதுவயல்

பதில்:

அன்புள்ள ஐயா, தாராளமாகச் சேருங்கள். ஆனால் டேலியில் அல்ல. முதலில் அடிப்படை, அடுத்து எக்ஸெல், அதன் பிறகே டேலி. நீங்கள் கணக்குக் கற்றுக்கொள்ளப் போகவில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எது பற்று, எது வரவு, எந்தத் தொகை எந்தப் பக்கத்தில் ஏற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். உங்களுக்குப் பழக வேண்டியது கணினி ஒன்றுதான். அந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு, எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து நடத்தும் வகுப்பைவிட, அவரவர் வேகத்தில் பயிலும் பட்டறையே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணம் உண்டு. வழக்கமான கணினி மையத்தில் டேலி வகுப்பு என்றால், கல்லூரி முடித்த இளைஞர்களோடு சேர்ந்து, பற்று என்றால் என்ன, வரவு என்றால் என்ன என்ற பாடத்தைப் பல நாள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அவர்களுக்கு அது வேண்டும், உங்களுக்கு வேண்டாம். அதே வகுப்பில் கோப்பைச் சேமிப்பது, ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது போன்றவற்றைப் பயிற்றுநர் இரண்டு நிமிடத்தில் சொல்லிக் கடந்துவிடுவார். அவர்களுக்கு அது கைவந்த பழக்கம், உங்களுக்கோ அங்கேதான் நேரம் தேவைப்படும். தெரிந்த இடத்தில் காத்திருந்து, தெரியாத இடத்தில் ஓட வேண்டியிருப்பதால்தான் நடுவயதில் சேர்பவர்கள் பலர் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். ‘எனக்கு வயதாகிவிட்டது, ஏறவில்லை’ என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் வயது அதற்குக் காரணமே அல்ல.

‘வாத்தியார் முன்னால் நிற்காமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வட்டாரத்துக் கணக்குப் படிப்பே அப்படித்தானே வளர்ந்தது. ரங்கூனிலும் மலேயாவிலும் இருந்த வட்டிக்கடைகளுக்குப் போன பிள்ளைகள் முதலில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, பின்பு அடுத்தாளாகி, திறமை இருந்தால் கடையையே நடத்தும் மேலாள் ஆனார்கள். கரும்பலகையும் பாட வேளையும் அங்கே இல்லை. உண்மையான சிட்டை இருந்தது. தப்பாக எழுதினால் உடனே சுட்டிக்காட்டப் பக்கத்தில் ஒரு மூத்தவர் இருந்தார். பட்டறையிலும் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். இதை அஞ்சல்வழிக் கல்வியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அது புத்தகத்தோடு தனியாக இருந்து படிப்பது. பட்டறை என்பது கணினியின் முன் உட்கார்ந்து, தடுக்கி நிற்கும் கணத்திலேயே கையை உயர்த்திக் கேட்பது. பயிற்றுநர் அலுவலக அறையில் இருப்பார், வேண்டுமானால் போய்க் கூப்பிடலாம் என்ற ஏற்பாடு உள்ள இடமாக இருந்தால், அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

இந்த முறையின் குறை ஒன்றும் நெடுநாளாகவே தெரிந்ததுதான். பிரெட் கெல்லர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவருடைய துணைவர்களும் 1964இல் பிரேசில் நாட்டின் பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் இதே போன்றதொரு முறையைத் தொடங்கினார்கள். பாடம் சிறு சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. ஓர் அலகில் தேறிய பிறகே அடுத்தது. எவ்வளவு நாள் எடுத்துக்கொள்வது என்பது மாணவர் விருப்பம். முன்னமே முடித்த மாணவர்கள் உடனிருந்து திருத்தினார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் இது பரவியபோது, படித்தவர்கள் நன்றாகவே படித்தார்கள்; ஆனால் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டே நின்றுபோனவர்களும் நிறைய இருந்தார்கள். உங்கள் வேகம் என்றால் வேகமே இல்லாமல் இருப்பதற்கும் அதில் இடம் இருக்கிறது அல்லவா?

ஆகவே நாளையும் நேரத்தையும் நீங்களே குறித்து, அதைச் சின்ன முதலாளியிடமும் சொல்லி ஒப்புதல் பெற்றுவிடுங்கள். செவ்வாய், வெள்ளி மாலை என்றால் அந்த இரண்டு நாளும் ஆய்வகத்தில் ஒன்றரை மணி நேரம். அன்று லாரி வந்தாலும் வேறொருவர் எடைச்சீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை ஆலைக்கான வேலையாகவே அவர் கருத வேண்டும்; ஏனென்றால் அது ஆலைக்கான வேலைதான். தை பிறந்து சம்பா நெல் வரத் தொடங்கிவிட்டால் மாசி முடிய உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாசியில் சேர்ந்தால் கார்த்திகைக்குள் எக்ஸெல் கையில் வந்துவிடும். மார்கழிக்குள் டேலியின் பெரும்பகுதியை முடிக்கலாம். பட்டறைக்குக் காலவரம்பு உண்டா, தை மாதத்தில் சில வாரங்கள் வர இயலாவிட்டால் கட்டிய பணம் போய்விடுமா என்று சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடிப்படைப் பட்டறையில் நீங்கள் நீண்ட நாள் இருக்க வேண்டியதில்லை. மவுஸைப் பழகுவது, ஒரு கோப்பைப் பெயரிட்டுச் சேமிப்பது, சேமித்த கோப்பு எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பது, அதன் நகல் ஒன்றைப் பென் டிரைவில் எடுப்பது, இவை போதும். இவற்றுள் மூன்றாவதுதான் முக்கியம். தட்டச்சுப் பட்டறையை இப்போதைக்கு விட்டுவிடலாம். விசைப்பலகையின் வலப்பக்கம் உள்ள எண் விசைகளில் மட்டும் பார்க்காமல் அடிக்கப் பழகிக்கொள்ளுங்கள், கணக்கருக்கு அதுதான் சோறு போடும். வேர்டும் அவசரமில்லை. தமிழில் கடிதம் அடிக்க விரும்பினால் பின்னாளில் தமிழ்99 விசைப்பலகையைக் கற்கலாம். 1999இல் தமிழக அரசு ஏற்ற முறை அது. எந்த முறையில் அடித்தாலும், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துருவில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத ஆடிட்டர் அலுவலகக் கணினியில் திறந்தால், புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும்.

இனி எக்ஸெல். டேலிக்கு முன்னால் இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கணினி ஒரு எண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதை இங்கேதான் கண்ணால் பார்த்துக் கற்க முடியும். டேலியில் அந்த வேலை எல்லாம் திரைக்குப் பின்னால் நடந்துவிடுகிறது. கையால் எழுதிப் பழகியவர்கள் எக்ஸெலில் செய்யும் தவறுகளும் ஒரே மாதிரியானவை, நான் பார்த்தவரை மூன்று.

முதலாவது, அளவையும் எண்ணோடு சேர்த்து எழுதுவது. நெல் வரவைப் பதியும்போது ஒரு கட்டத்தில் ‘45 மூட்டை’ என்றும் அடுத்ததில் ‘60 மூட்டை’ என்றும் அடித்துவிட்டு, கீழே கூட்டல் போட்டால் விடை பூஜ்யம் என்று வரும். உங்கள் கண்ணுக்கு அது 45. கணினிக்கோ அது வெறும் எழுத்துச்சரம், ஆகையால் கூட்டலில் சேர்க்காது. இதைவிடக் கெட்டது, பத்துக் கட்டங்களில் ஒன்றில் மட்டும் அப்படி அடித்திருப்பது. அப்போது பூஜ்யம் வராது, மற்ற ஒன்பதின் கூட்டல் வரும், யாருக்கும் சந்தேகமும் வராது. மூட்டை என்பதைத் தலைப்பில் எழுதிவிட்டு, கட்டத்துக்குள் எண்ணை மட்டும் இடுங்கள். சோதிக்கவும் எளிய வழி உண்டு: நீங்கள் மாற்றியமைக்காதவரை, எண்ணாக ஏற்றுக்கொண்டதை எக்ஸெல் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி வைக்கும், எழுத்தாக எடுத்துக்கொண்டதை இடப்புறம் வைக்கும். ஒரு பத்தியை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாலே இடப்புறம் ஒதுங்கியிருப்பது கண்ணில் படும்.

இரண்டாவது, தேதி. நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். விண்டோஸ் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால், 05/06/2025 என்று நீங்கள் ஜூன் 5ஐ நினைத்து அடிப்பதை அது மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 25/06/2025 என்று அடித்தாலோ, இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக இடப்புறம் ஒதுக்கிவிடும். ஒரே மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் ஒன்றைத் தவிர மற்றவை வேறு மாதங்களுக்குப் போய்விட, மீதி நாட்கள் எழுத்தாக நிற்கும் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் குழப்பம் புரியும். ஆலையில் உள்ள கணினியிலும் ஆய்வகத்தில் உள்ளதிலும் நாட்டு அமைப்பு இந்தியா என்று இருக்கிறதா எனப் பயிற்றுநரைக் கொண்டு முதல் நாளே பார்த்துவிடுங்கள். அப்படி மாற்றினால் எண்களும் லட்சம், கோடிக்கு ஏற்றபடி காற்புள்ளி பெறும். 1,234,567 என்று பார்த்துக் கண் திகைக்க வேண்டியிருக்காது.

மூன்றாவது, ‘மேற்படி’. சிட்டையில் ஒரே பார்ட்டியின், அதாவது ஆலையோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவரின், பெயர் தொடர்ந்து வந்தால் நாம் ‘மேற்படி’ என்றோ இரட்டைக் கோடோ போட்டுவிடுகிறோம். தாளில் அது நேர்த்தி. எக்ஸெலில் பெயர் வாரியாக அடுக்கச் சொன்னால், எல்லா மேற்படிகளும் ஓரிடத்தில் வந்து குவியும். எது யாருடைய மேற்படி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியிலும் பெயரை முழுதாக எழுத வேண்டும். அதேபோல், பேரேட்டில் பார்ட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய பழக்கத்தில் எக்ஸெலிலும் பார்ட்டிக்கு ஒரு தாள் திறக்கத் தோன்றும், அதுவும் வேண்டாம். தேதி, பெயர், சிப்பம், எடை, விலை, தொகை என்று எல்லா வரவு செலவையும் ஒரே தாளில் வரி வரியாக எழுதுங்கள். யார் பெயரில் வேண்டுமோ அதை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி எக்ஸெலிலேயே இருக்கிறது. பல ஆண்டுக் கைப்பழக்கத்தை விட வேண்டிய இடம் இது ஒன்றுதான் என்பதால், இங்கே கொஞ்சம் சிரமப்படுவீர்கள். பட்டறையில் உங்கள் நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள்.

கையேட்டில் உள்ள பயிற்சிகள் பெரும்பாலும் மாணவர் மதிப்பெண், ஊழியர் சம்பளம் என்றுதான் இருக்கும். முறையைப் புரிந்துகொள்ள ஒரு தடவை செய்துவிட்டு, அடுத்ததாக உங்கள் சிட்டையின் ஒரு மாதத்தையே எடுத்துப் பதிந்து பாருங்கள். விடை என்ன வர வேண்டும் என்பது உங்கள் பேரேட்டில் ஏற்கெனவே இருக்கிறது; திரையில் வேறு தொகை வந்தால் தவறு எங்கே என்று தேடும் அந்தத் தேடலில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது. முதலாளியின் அனுமதி பெற்று, பார்ட்டிகளின் பெயரை மாற்றி எழுதிக்கொண்டு போங்கள். ஆய்வகக் கணினியில் ஆலைக் கணக்கை விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே பலர் கைபட்ட கணினியில் செருகிய பென் டிரைவை, வைரஸ் சோதனை செய்யாமல் ஆலைக் கணினியில் செருகவும் கூடாது.

இவ்வளவும் ஆன பிறகு டேலிக்குப் போனால், அது உங்களுக்குப் பழைய நண்பரைப் போலத் தோன்றும். பணம் கொடுத்தால் எஃப்5 விசை, வாங்கினால் எஃப்6, வங்கியில் போட்டாலும் எடுத்தாலும் எஃப்4, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. சிட்டையில் ஒரு முறை பதிந்தால் பேரேட்டுக்குத் தானே ஏறிவிடும் என்பதே அங்கே புதிது. அதில்தான் ஓர் ஆபத்தும் இருக்கிறது: ‘மதுரை மண்டி’ என்று ஒரு நாளும் ‘மதுரை மண்டி கணக்கு’ என்று இன்னொரு நாளும் தனித்தனிக் கணக்குத் தொடங்கிவிட்டால், பாக்கி இரண்டாகப் பிரிந்து நிற்கும், இரண்டும் ஒருவரே என்று மென்பொருளுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். பழகுவதற்கு உரிமம் வாங்கத் தேவையில்லை. கல்விக்கான முறையில் டேலியைக் கட்டணமின்றித் திறக்கலாம். மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே அதில் பதிய இயலும் என்பதால் ஆலையின் நிஜக் கணக்குக்கு அது உதவாது, பயிற்சிக்குப் போதும். ஜிஎஸ்டி பகுதியை மட்டும் பயிற்றுநரோடு நிறுத்தாமல் உங்கள் ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 ஜூலை 18 முதல், பெயர் அச்சிட்டுக் கட்டிய 25 கிலோவும் அதற்குக் குறைவுமான அரிசிச் சிப்பத்துக்கு 5 விழுக்காடு வரி வந்ததும், அதன் பிறகு அந்த வரிக்கு வெளியே நிற்க 26 கிலோ சிப்பங்கள் சந்தைக்கு வந்ததும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சரக்குக்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பதை டேலியில் சரக்கு வாரியாக நாம்தான் குறிக்க வேண்டும், அதுவாகக் கண்டுபிடிக்காது.

மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில், கட்டணமில்லாத லிபர் ஆபீஸ் மென்பொருளுக்கான பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. ஒரு பக்கம் காணொளி, மறுபக்கம் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு கூடவே செய்து பழகும்படி அமைந்தவை. லிபர் ஆபீஸின் கால்க் ஏறத்தாழ எக்ஸெலைப் போன்றதுதான். வீட்டில் மகளின் மடிக்கணினியில் அதை நிறுவி, பட்டறை இல்லாத நாட்களில் பழகுங்கள். ஆனால் நீங்கள் ‘45 மூட்டை’ என்று அடித்ததை எந்தக் காணொளியும் பார்த்துச் சொல்லாது. அதற்குத்தான் அந்தக் காசு. அப்பாவுக்கு மகளே உடனிருந்து சொல்லித் தரலாமே என்றால், தரலாம். பெரும்பாலும் பிள்ளைகள் மவுஸைத் தாங்கள் வாங்கிச் செய்துகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதே என் அனுபவம். பயிற்றுநரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்: வாயால் சொல்லட்டும், மவுஸ் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

சான்றிதழைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அரசுத் தட்டச்சர் பணிக்குப் போகிறவர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு வேண்டும். பட்டறைச் சான்று அதற்கு ஈடாகாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை. இருக்கும் வேலையில் இருப்பவருக்குச் சான்று வேண்டியதில்லை, கை பழகினால் போதும். வேறு ஆலைக்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும், சான்று எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு மாலை ஆய்வகத்துக்கு நேரில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆளுக்கு ஒரு கணினி இருக்கிறதா, கையேடு தமிழில் இருக்கிறதா, அங்குள்ள டேலிப் பதிப்பும் ஆலையில் வாங்கப்போகும் பதிப்பும் ஒன்றுதானா, ஒருவர் கேள்வி கேட்டால் பயிற்றுநர் எழுந்து வருகிறாரா என்பதெல்லாம் விளம்பரத் தாளில் தெரியாது, உட்கார்ந்து பார்த்தால் தெரியும். திரையில் எழுத்து சிறிதாக இருந்தால் கூச்சப்படாமல் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். எக்ஸெலில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் உருளையை முன்னால் உருட்டினால் போதும்.

சின்ன முதலாளியிடம் ஒரு நிபந்தனையை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். ஏப்ரல் 1ஆம் தேதி டேலியில் கணக்குத் தொடங்கும்போது, மார்ச் 31ஆம் தேதி ஐந்தொகையிலிருந்து தொடக்க இருப்புகளை ஏற்றுவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். பில் போடும் பையன் உடன் இருக்கலாம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் கைப் பேரேடும் டேலியும் இணையாக நடக்கட்டும். வேலை இரட்டிப்பாகும், அதற்கு ஒரு ஆளைத் துணைக்குக் கேளுங்கள். மே 31 அன்று ரொக்க இருப்பு, வங்கி இருப்பு, பார்ட்டி பாக்கி, கிடங்கில் உள்ள சிப்பம் ஆகிய நான்கும் இரண்டிலும் ஒத்து வந்தால் ஜூன் முதல் கைப் பேரேட்டை நிறுத்தலாம். ஏதேனும் ஒன்று ஒத்து வராவிட்டால், வித்தியாசம் கண்டுபிடிக்கப்படும் வரை கைப் பேரேடே கணக்கு என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.